லிண்டா மக்கார்ட்னி: கமராவும் அடுப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குப் புகைப்படம் எடுக்கப் பழக்குகிறேன். அதே முற்றத்தில் மாலையில் அவர்களுடைய தாய்மாருடன் மரக்கறிச் சமையல் வகுப்பு நடக்கும். இரண்டு இடத்திலும் நான் அடிக்கடி எடுக்கும் பெயர் ஒன்றுதான்: லிண்டா மக்கார்ட்னி. ஆகவே சந்தேகங்களும் இரண்டு பக்கமிருந்தும் வருகின்றன, பெரும்பாலும் அதே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

ரீச்சர், இவர் பாட்டுக்காரியா, படம் எடுப்பவரா, சமையல்காரியா?

மூன்றுமே. ஆனால் எது முதலில் வந்தது என்பது முக்கியம். 1941 செப்டெம்பர் 24ஆம் திகதி நியூயோர்க்கில் லிண்டா ஈஸ்ட்மன் ஆகப் பிறந்தார். 1960களின் நடுவில் புகைப்படக் கலைஞரானார். 1969இல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் போல் மக்கார்ட்னியை மணந்தார். 1970களில் கணவருடன் விங்ஸ் என்ற குழுவில் கீபோர்ட் வாசித்துப் பாடினார். 1989இல் முதல் மரக்கறிச் சமையல் நூல் வெளிவந்தது. 1998 ஏப்ரல் 17இல், 56ஆவது வயதில் காலமானார்.

இவற்றில் பிறந்ததிலிருந்து இறக்கும்வரை கூட வந்தது எது என்று கேட்டால், கமரா கையில் வந்த நாளிலிருந்து அதை அவர் கீழே வைக்கவே இல்லை என்பேன்.

ஈஸ்ட்மன் என்றால் கொடாக் கம்பனிக் குடும்பம்தானே? பிலிம் ரோல் வீட்டிலேயே கிடைத்திருக்குமே!

இல்லை. கொடாக்கைத் தொடங்கிய ஜோர்ஜ் ஈஸ்ட்மன் திருமணமே செய்யாதவர். லிண்டாவின் தந்தை லீ ஈஸ்ட்மன் ஒரு சட்டத்தரணி. யூதக் குடும்பத்தில் எப்ஸ்டீன் என்ற பெயரோடு பிறந்து, பிறகு பெயரை மாற்றிக்கொண்டவர். ஓவியர்களும் இசைக்கலைஞர்களும் அவருடைய கட்சிக்காரர்கள். அவர்களில் ஒரு பாடலாசிரியர், சிறுமியாக இருந்த லிண்டாவின் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதினார். வசதியான வீடு, கலைஞர்கள் வந்துபோகும் வீடு. புகழ்பெற்றவர்களைக் கண்டு மிரளாத குணம் அங்கிருந்து வந்திருக்கலாம். பிலிம் மட்டும் அங்கிருந்து வரவில்லை.

எந்தப் பள்ளியில் படம் பிடிக்கப் படித்தார்? சான்றிதழ் இருந்ததா?

பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் பல்கலைக்கழகத்துக்குப் போனார், பட்டம் முடிக்கவில்லை. 1962 மார்ச்சில் தாயார் விமான விபத்தில் இறந்தார். அதே ஆண்டு லிண்டா திருமணம் செய்தார், ஆண்டின் கடைசி நாளில் மகள் ஹெதர் பிறந்தாள். அந்தத் திருமணம் 1965இல் முறிந்தது. இருபதுகளின் தொடக்கத்தில், தாயை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் அவர்.

அந்தக் காலத்தில்தான் டூசான் கலை நிலையத்தில் ஹேசல் லார்சன் ஆர்ச்சர் நடத்திய வகுப்பில் சேர்ந்தார். ஆர்ச்சர் முன்பு பிளாக் மவுண்டன் கல்லூரியில் புகைப்படம் கற்பித்தவர். டொரதியா லாங், வோக்கர் எவன்ஸ் ஆகியோரின் படங்கள் லிண்டாவுக்கு அறிமுகமான காலமும் இதுதான். 1930களின் வறுமைக் காலத்து அமெரிக்காவில், சாதாரண மக்களின் முகங்களை மரியாதையோடு பதிவு செய்தவர்கள் அவர்கள். அலங்கரித்த முகத்தைவிட உள்ளபடி உள்ள முகம் அழகு என்ற எண்ணம் லிண்டாவுக்கு இங்கே ஊன்றியது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாடகர்களையும் அதே கண்ணால்தான் பார்த்தார்.

முதல் வாய்ப்பு எப்படி வந்தது? யாராவது சிபாரிசு செய்தார்களா?

மகளோடு நியூயோர்க் திரும்பி, டவுன் அண்ட் கன்ட்ரி என்ற சஞ்சிகையின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தார். 1966இல் றோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு ஹட்சன் ஆற்றில் ஒரு படகில் ஊடகங்களைச் சந்திக்க இருந்தது. அலுவலகத்துக்கு வந்த அழைப்பிதழை யாரும் கண்டுகொள்ளவில்லை. லிண்டா கமராவோடு தானே போனார். படகில் ஏற அனுமதி கிடைத்த புகைப்படக்காரர் அவர் ஒருவர்தான். செய்தியாளர்கள் பலர் வந்திருந்தும், அந்த நாளின் நல்ல படங்கள் எல்லாம் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் இருந்தன.

அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த அழைப்பிதழ் அலுவலகத்தில் எல்லோர் கண் முன்னாலும்தான் கிடந்தது. அதன் பிறகு ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜோப்ளின், த டோர்ஸ் என்று அந்தக் காலத்து இசைக்கலைஞர்கள் பலரைப் படமெடுத்தார். 1968 மே 11 திகதியிட்ட றோலிங் ஸ்டோன் சஞ்சிகையின் அட்டையில் அவர் எடுத்த எரிக் கிளாப்டனின் படம் வந்தது. அந்தச் சஞ்சிகையின் அட்டையில் ஒரு பெண் எடுத்த படம் வந்தது அதுவே முதல் தடவை. (சஞ்சிகை வேறு, படகில் வந்த இசைக்குழு வேறு. பெயர் ஒத்திருப்பதால் பிள்ளைகள் எப்போதும் குழம்புகிறார்கள்.)

உண்மையைச் சொல்லுங்கள் அக்கா, பெரிய ஆளைக் கட்டியதால் வந்த பெயர்தானே?

மேலே உள்ள ஆண்டுகளை இன்னொரு தடவை பாருங்கள். படகு 1966. போலை லண்டனில் ஓர் இரவு விடுதியில் முதன்முதலாகச் சந்தித்தது 1967 மே மாதம். அப்போது அவர் லண்டன் வந்திருந்ததே படம் எடுக்கும் வேலையாகத்தான். அட்டைப்படம் 1968. பதிவுத் திருமணம் 1969 மார்ச் 12. கலியாணத்துக்கு முன்பே அவர் தன் கையால் உழைத்துப் பிள்ளை வளர்த்த தொழில்முறைக் கலைஞர்.

திருமணம் அவருக்குப் பெயரைக் கொடுத்ததைவிட மறைத்ததுதான் அதிகம் என்பது என் எண்ணம். பீட்டில்ஸ் பிரிந்த கோபத்தை இரசிகர்கள் அவர் மேலும் கொட்டினார்கள். விங்ஸ் குழுவில் அவர் வாசித்ததையும் பாடியதையும் ஏளனம் செய்தார்கள். முறையாக இசை பயிலாதவர் என்பது உண்மைதான். ஆனால் கணவரோடு சேர்ந்து எழுதிய ஜேம்ஸ் பொண்ட் படப் பாடல் ஒஸ்கார் பரிந்துரை வரை போனது என்பதும் உண்மை. நம் ஊரிலும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஸ்ரூடியோ நடத்தினால் படம் எல்லாம் கணவன் எடுத்தது என்றே பேசுவார்கள். அதனால்தான் இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் திகதிகளோடு பதில் சொல்கிறேன்.

அவருடைய ஒரே ஒரு படத்தைப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்க?

1970இல் வந்த போலின் முதல் தனி இசைத்தட்டின் பின்னட்டைப் படம். தாடி வைத்த ஒரு தந்தை, தன் மேலங்கிக்குள் பிஞ்சுக் குழந்தையை வைத்து மூடியிருக்கிறார். குழந்தையின் முகம் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறது. குழந்தை, அவர்களின் மகள் மேரி. இடம் ஸ்கொட்லாந்தில் அவர்கள் வாழ்ந்த பண்ணைப் பக்கம்.

உலகம் முழுவதும் அடையாளம் காணும் முகம் அது. அந்த முகத்தில் பாடகர் இல்லை, இளம் தகப்பன் ஒருவன்தான் இருக்கிறான். மேடை விளக்கில் ஆயிரம் பேர் எடுத்த முகத்தை இப்படி எடுக்க, அந்த வீட்டுக்குள் வாழ்கிற ஒருவரால்தான் முடியும். வெளிச்சமும் வானத்திலிருந்து வந்த வெளிச்சம் மட்டுமே. வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டியபின் நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசுவதில்லை. பிள்ளைகள் தாங்களாகவே வீட்டில் அப்பா, அம்மம்மா, தம்பி என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.

எந்தக் கமரா பாவித்தார்? நாங்களும் அதையே வாங்கலாமா?

வாங்க வேண்டாம். அவருடைய பலம் கருவியில் இல்லை. பெரும்பாலும் 35 மி.மீ. பிலிம், இயற்கை வெளிச்சம், நிறையப் பொறுமை. ஆட்களை நிறுத்திவைத்து உடம்பை இப்படித் திருப்பு, அப்படிச் சிரி என்று சொல்வது அவருடைய வழக்கம் அல்ல. அவர்கள் தங்கள் பாட்டில் இருக்கும்போது பக்கத்தில் இருந்தார். கையில் இருக்கும் தொலைபேசியாலும் இதைப் பழகலாம். பிளாஷை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

அவர் எடுத்த நீல நிறப் படங்கள் எப்படி வந்தவை? கம்பியூட்டரில் நிறம் மாற்றியதா?

கணினிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது சயனோடைப் என்ற பழைய முறை. 1842இல் ஜோன் ஹேர்ஷல் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண் கடற்பாசிகளை அந்த முறையில் அச்சிட்டு நூலாக்கத் தொடங்கினார். லிண்டா 1980களில் இந்த முறையைத் தன் படங்களுக்குக் கையாண்டு, 1988இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்.

வேலை இதுதான். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைட் என்ற இரண்டு உப்புகளைத் தனித்தனியே நீரில் கரைத்து, மங்கலான வெளிச்சத்தில் கலந்து, தாளில் பூசிக் காயவைக்க வேண்டும். அதன் மேல் படத்தின் நெகட்டிவையோ ஓர் இலையையோ வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் வைக்க வேண்டும். வெயில் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாற்றமடைந்து நீலச் சாயமாகிறது. படாத இடத்து மருந்து தண்ணீரில் கழுவிப் போய்விடும், அங்கே தாளின் வெள்ளை தெரியும். இருட்டறை வேண்டாம், விலை கூடிய இயந்திரம் வேண்டாம். எங்கள் உப்புவெளிக் கடற்கரை வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கலை இல்லை. வேப்பிலையும் முருங்கையிலையும் மிக அழகாக விழும்.

இரண்டு விஷயம் கவனம். நீலச் சாயம் காரத்துக்கு வெளிறும், எனவே கழுவும் தண்ணீரில் சவர்க்காரம் படக்கூடாது. கிணற்றுத் தண்ணீரில் நீலம் மங்கினால் முதல் கழுவலில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடுங்கள். மற்றது, ஃபெரிசயனைட்டைக் கடும் அமிலத்தோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். கையுறை போடுங்கள், இதற்குப் பாவித்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

மச்சம் சாப்பிடுவதை ஏன் விட்டார்? பீட்டில்ஸ் ரிஷிகேஷுக்குப் போனார்களே, அங்கே சமயம் மாறிவிட்டாரா?

பீட்டில்ஸ் ரிஷிகேஷ் போனது 1968இன் தொடக்கத்தில். லிண்டா அந்தப் பயணத்தில் இல்லை. போல் மக்கார்ட்னியும் அவரும் அப்போது ஒன்றுசேர்ந்திருக்கவும் இல்லை.

அவர்கள் மச்சத்தை விட்டது அதற்குச் சில ஆண்டுகளின் பின், 1970களில். ஸ்கொட்லாந்தின் கின்டயர் பகுதியில் அவர்களுக்கு ஒரு பண்ணை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசையில் ஆட்டிறைச்சி. யன்னலுக்கு வெளியே ஆட்டுக்குட்டிகள் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தன. வெளியே பார்த்தார்கள், தட்டைப் பார்த்தார்கள். அன்றோடு முடிவெடுத்ததாகக் கணவரும் மனைவியும் பிற்காலத்தில் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். குருவும் இல்லை, நோன்பும் இல்லை.

இங்கேதான் எனக்கு அவருடைய இரண்டு வேலைகளும் ஒன்றாகத் தெரிகின்றன. எதிரில் இருப்பதை உள்ளபடி பார்ப்பதுதான் அவர் கமராவால் செய்தது. யன்னலோரம் செய்ததும் அதுவே. குதிரை, நாய், ஆடு என்று அவர் எடுத்த விலங்குப் படங்களைப் பார்த்தால், மனிதர்களுக்குக் கொடுத்த அதே கவனம் அவற்றுக்கும் கிடைத்திருப்பது தெரியும். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்களைத் தினமும் தாண்டித்தான் நாம் கோணேசர் கோயிலுக்குப் போகிறோம். அந்த மான்களை ஒரு தடவையாவது நின்று படமெடுங்கள், அவற்றின் கண் மட்டத்துக்குக் குனிந்து.

நாங்களும்தான் வெள்ளிக்கிழமை மச்சம் சமைப்பதில்லை, கந்தசஷ்டி பிடிக்கிறோம். அவர் செய்ததில் என்ன புதிது?

நமக்குப் புதிதில்லை, அதுவே நமக்குள்ள வசதி. நம்முடைய விரதம் நாளைப் பொறுத்தது. சனிக்கிழமை விடிந்தால் மீன்சட்டி அடுப்பில் ஏறும். லிண்டா திரும்பிப் போகவில்லை. அதோடு, அவருடைய ஊரில் மச்சமில்லாத சாப்பாடு என்றால் இரண்டு அவித்த மரக்கறியைத் தட்டின் ஓரத்தில் வைப்பார்கள். சொதியும் வறையும் பாற்கறியும் இல்லாத சமூகத்தில் ஒரு தாய் நான்கு பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் மச்சமின்றிச் சமைத்தார். அந்தத் தேவையில்தான் அவருடைய சமையல் வளர்ந்தது.

சமையல் புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது? நாங்கள் செய்து பார்க்கலாமா?

1989இல் வந்த முதல் நூலை மரக்கறி உணவு பற்றி எழுதிவந்த பீற்றர் கொக்ஸுடன் சேர்ந்து எழுதினார். 1995இல் இன்னொன்று வந்தது. இடையில், 1991இல், அவருடைய பெயரில் உறைநிலை மரக்கறி உணவுகள் பிரித்தானியக் கடைகளுக்கு வந்தன. இன்றும் விற்பனையில் இருக்கின்றன. நூலில் உள்ளது உணவகச் சமையல் இல்லை, வீட்டுச் சமையல். மச்சம் விட்ட வீட்டில் பழைய ருசியை எப்படிக் காப்பாற்றுவது என்பதே அதன் அக்கறை.

ஒன்று கவனிக்க வேண்டும். அவர் முட்டை, வெண்ணெய், சீஸ் எல்லாம் சேர்ப்பார். முட்டை சேர்க்காத வீட்டார் அப்படியே செய்ய முடியாது. 2021இல் கணவரும் மகள்மாரும் அவருடைய சமையல் முறைகளை முட்டை, பால் இல்லாமல் திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள், அது நமக்கு இன்னும் உதவும்.

எங்கள் வகுப்பில் நாங்கள் அடிக்கடி செய்வது, ஆங்கிலேயர் கொத்திறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் அடுக்கிச் செய்யும் ஷெப்பர்ட்ஸ் பையின் மரக்கறி வடிவம். சோயா மீற்றைச் சுடுநீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, பொடியாகக் கொத்துங்கள். வெங்காயம், உள்ளி, கரட், தக்காளி வதக்கி அதோடு சேர்த்து, கறித்தூள் கொஞ்சமாகப் போட்டு வற்றவிடுங்கள். மேலே, கட்டித் தேங்காய்ப்பால் விட்டு மசித்த உருளைக்கிழங்கைப் பரப்புங்கள். அவண் இருந்தால் மேல் சிவக்கும்வரை வையுங்கள். இல்லாவிட்டால் கனமான சட்டியில் வைத்து, மூடிமேல் தணல் போடுங்கள். பிழிவதில் சோம்பல்படாதீர்கள். சோயாவின் பச்சை வாசனை அந்தத் தண்ணீரோடுதான் போகும்.

மச்சம் வேண்டாம் என்கிறவருக்கு மச்சம் போல ருசிக்கிற சாமான் எதற்கு? இது ஏமாற்று இல்லையா?

சமையல் வகுப்பில் மூத்த அம்மாமார் கேட்கும் கேள்வி இது. நான் லிண்டாவின் பக்கம். அவர் சமைத்தது பிறவியிலேயே மரக்கறி உண்பவருக்கு அல்ல. விட நினைத்தும் நாக்கு விடாத மனிதருக்கும், தட்டைத் தள்ளிவிடும் பிள்ளைக்கும் அவர் சமைத்தார். மனம் மாறியவுடன் நாக்கு மாறிவிடாது, அதற்கு நேரம் வேண்டும். சோயா மீற் இலங்கையில் எத்தனையோ வீடுகளில் வாராவாரம் வேகிறது, அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. பலாக்காய்க் கறியைக் கறுத்த மிளகாய்த்தூளில் இறைச்சிக்கறி போல வைப்பதும் நம் வீடுகளில் உள்ளதுதானே?

திருகோணமலையில் இருந்துகொண்டு மச்சத்துக்கு எதிராகப் பேசலாமா? கடலை நம்பித்தானே ஊர் வாழ்கிறது?

என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் கடற்றொழில் செய்யும் வீட்டார். தகப்பன் விடியுமுன் கொண்டுவரும் மீனில்தான் அவர்களின் பள்ளிக்கூடச் செலவு ஓடுகிறது. அந்தப் பிள்ளையிடம் உன் தகப்பன் செய்வது பாவம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். லிண்டா வசதி உள்ளவர், தெரிவு செய்ய முடிந்தவர். அந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு அவருடைய கதையைச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் பார்க்கச் சொல்வேன். கரைவலை இழுப்பதை, மீன்சந்தையை, வலை பின்னும் கையை, துடிக்கும் மீனின் கண்ணை, எல்லாவற்றையும் படமெடுங்கள். பார்த்தபின் என்ன சாப்பிடுவது என்பது அவரவர் முடிவு. கடற்கரை வீட்டுப் பிள்ளை ஒருத்தி தன் தகப்பனின் கைகளை எடுத்த படம்தான் வகுப்பில் இதுவரை வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் வீட்டில் இன்றும் மீன்கறிதான்.

இவ்வளவு மரக்கறி சாப்பிட்டும் புற்றுநோய் வந்துதே? பிறகு என்ன பயன்?

1995இல் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பின் ஈரலுக்கும் பரவியது. முதன்முதலாகக் கமராவைப் பிடிக்கக் கற்ற அதே டூசான் நகரில் அவர் இறந்தார். இந்தக் கேள்வியைச் சிலர் வெற்றிக் குரலில் கேட்கும்போது எனக்கு வலிக்கிறது.

மரக்கறி உணவு எந்த நோயும் வராது என்று காப்புக் கட்டாது. வயது, பரம்பரை, ஓமோன் என்று மார்பகப் புற்றுநோய்க்குக் காரணங்கள் பல, பல பெண்களுக்கு இன்னதென்று காரணம் சொல்லவே முடியாது. லிண்டா மச்சத்தை விட்டது நீண்ட ஆயுளுக்காக அல்ல, காரணத்தை மேலே சொல்லியிருக்கிறேன். இதை வாசிக்கும் பெண்கள் மார்பில் கட்டியோ மாற்றமோ கண்டால் என்ன சாப்பிடுகிறோம் என்று யோசித்து நாளைக் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அவருக்குப் பின் அந்த வேலை நின்றுவிட்டதா? படங்களை எங்கே பார்க்கலாம்?

மேலங்கிக்குள் இருந்த குழந்தை மேரி இன்று புகைப்படக் கலைஞர், சமையல் நூல்களும் எழுதுகிறார். இன்னொரு மகள் ஸ்டெல்லா ஆடை வடிவமைப்பாளர், தோலும் மென்மயிரும் பாவிப்பதில்லை. கிழமையில் ஒருநாளாவது இறைச்சியில்லாமல் உண்ணுங்கள் என்ற திங்கட்கிழமை இயக்கத்தை 2009இல் தகப்பனும் இரண்டு மகள்மாரும் தொடங்கினார்கள். லிண்டாவின் படங்களில் 63ஐக் கணவர் போல் மக்கார்ட்னி லண்டனின் விக்டோரியா அண்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், அது பற்றிய அறிவிப்பு 2018இல் வந்தது. அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் அவருடைய பெயரைத் தேடினால் இங்கிருந்தே பார்க்கலாம்.

நான் கலியாண வீடு, சாமத்தியவீட்டுப் படம் எடுத்துப் பிழைப்பவன். இதெல்லாம் எனக்கு உதவுமா, ரீச்சர்?

உதவும் தம்பி. மணவறையில் நிறுத்தி எடுக்கும் படங்களை முதலில் எடுத்து முடியுங்கள், அதற்குத்தான் பணம் தருகிறார்கள். பிறகு பிளாஷைக் கழற்றிவிட்டு வீட்டின் பின்பக்கம் போங்கள். அங்கே தேங்காய் துருவுகிறவர்கள், பூக்கட்டுகிற பெரியம்மா, யாரும் பார்க்காத நேரத்தில் சால்வையைச் சரிசெய்யும் பெண்ணின் தகப்பன் எல்லாரும் இருப்பார்கள். முதலில் அவர்களோடு கொஞ்சம் பேசுங்கள், தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். அல்பத்தில் இந்தப் படங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிக் கொடுத்துப் பாருங்கள். வேலை பிடித்தால் அடுத்த கலியாணத்தில் அவர்களே அந்தப் பக்கங்களைக் கேட்பார்கள்.